மருந்து பாட்டிலில் ஓர் ஆங்கிலப் பாடம்



எங்கள் மாலை நேர வகுப்புக்கு வரும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தம்பிக்கு வாங்கி வந்த மருந்து பாட்டிலைப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டாள்: "ஷேக் வெல் பிஃபோர் யூஸ்னு போட்டிருக்கு. ஷேக் யாரு? கிணத்துக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?"

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பிறகுதான் அது நல்ல கேள்வி என்று புரிந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிகிறது; வெல் என்றால் கிணறு என்றும் தெரிகிறது. அந்த இடத்தில் எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அந்த மருந்தைக் குலுக்காமல் கொடுத்தால், அடியில் தங்கிய மருந்து அப்படியே கிடக்கும். முதல் வேளைகளில் பிள்ளைக்கு மருந்து குறைவாகவும், கடைசி வேளைகளில் அதிகமாகவும் போகும். இலக்கணம் தேர்வு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை.

எட்டு வகைகள்

தமிழில் பெயர், வினை, இடை, உரி எனச் சொற்கள் நான்கு வகை. மக்தபில் அரபி படிக்கும் பிள்ளைகள் இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப் என மூன்று வகை அறிவார்கள். ஆங்கிலப் பள்ளி இலக்கணம் எட்டாகப் பிரிக்கிறது: நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், ப்ரிபொசிஷன், கஞ்சங்ஷன், இன்டர்ஜெக்ஷன். ஆள், இடம், பொருள், குணம் ஆகியவற்றின் பெயரே நவுன். இதைக் கண்டுபிடிக்கப் பழகினால் மற்றவை எளிதாகும்.

பெயர்ச்சொல்லைக் கண்டுபிடிக்க நான்கு அடையாளங்கள்

1. எ, ஆன், த ஆகிய சொற்கள் வந்தால், அவற்றைத் தொடர்ந்து ஒரு பெயர்ச்சொல் வரும். தமிழில் இத்தகைய சொற்கள் இல்லாததால் நம் பிள்ளைகள் இவற்றைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அரபியில் 'அல்' சேர்ந்தால் அது இஸ்ம் என்று கற்றிருப்பார்கள். அல் கிதாப் போன்றதுதான் த புக். 'எ கூல் ப்ளேஸ்' என்பதுபோல நடுவில் வேறு சொல் வரலாம். அங்கே ப்ளேஸ் பெயர்ச்சொல்; கூல் அதன் தன்மையைச் சொல்லும் அட்ஜெக்டிவ்.

2. பன்மையாக மாறும்: புக், புக்ஸ், சைல்ட், சில்ட்ரன். ஆனால் 'ஷி ரீட்ஸ்' என வினைச்சொல்லிலும் எஸ் வரும். ஆகவே முன்னால் உள்ள சொல்லையும் பார்க்க வேண்டும்.

3. நெஸ், மென்ட், ஷன் என முடிபவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள்: கைண்ட்னெஸ், பேமென்ட், எஜுகேஷன்.

4. இன், ஆன், டு, ஃப்ரம், பிஃபோர் போன்ற ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் பெயரோ, பெயருக்குப் பதிலாக வரும் ப்ரோநவுனோ வரும். நாம் 'வீட்டில்' என்று பின்னால் சேர்ப்பதை ஆங்கிலம் 'இன் த ஹவுஸ்' என்று முன்னால் வைக்கிறது.

மற்ற சொற்கள்

நேற்று என்று மாற்றினால் உருவம் மாறுவது வெர்ப்: வாக், வாக்ட், கோ, வென்ட். சில வெர்ப்கள் மட்டும் மாறாமல் நிற்கும். கட், புட் அத்தகையவை. எப்படி, எப்போது, எங்கே என்ற கேள்விக்குப் பதில் தருவது அட்வெர்ப். அவற்றில் பல, ஸ்லோலி, க்விக்லி என 'லி'யில் முடியும். ஆனால் ஃப்ரெண்ட்லி அட்ஜெக்டிவ், ஏமாந்துவிடக் கூடாது. ஆண்ட், பட், ஆர் போன்று இணைப்பவை கஞ்சங்ஷன். ஓ, அலாஸ் போன்ற உணர்ச்சிச் சொற்கள் இன்டர்ஜெக்ஷன்.

ஒரே சொல், மூன்று வேலை

ஒரு சொல்லுக்கு ஒரே வகைதான் என்று மனப்பாடம் செய்வதே பெரிய தவறு. லைட் என்ற சொல்லைப் பாருங்கள். 'ஸ்விட்ச் ஆஃப் த லைட்': இங்கே விளக்கு, பெயர்ச்சொல். 'லைட் த ஸ்டவ்': இங்கே பற்றவை, வினைச்சொல். 'திஸ் பேக் இஸ் லைட்': இங்கே கனமில்லாதது; அட்ஜெக்டிவ். சொல் மாறவில்லை; வேலைதான் மாறியது.

இப்போது மருந்து பாட்டிலுக்கு வருவோம். தொடக்கத்தில் நின்று கட்டளை இடுவதால் ஷேக் வெர்ப்: குலுக்கு. எப்படிக் குலுக்க வேண்டும்? நன்றாக. ஆகவே வெல் அட்வெர்ப். பிஃபோர் ப்ரிபொசிஷன். அதன் பின்னால் வருவதால் யூஸ் பெயர்ச்சொல்: பயன்பாடு. 'பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்' என்று அந்த மாணவி தானே சொல்லி முடித்தாள்.

வீட்டுப் பயிற்சி

பெற்றோர்களே, இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிஸ்கட் பாக்கெட், சோப்பு உறை, வங்கிப் படிவம் என வீட்டில் கிடைக்கும் எதையேனும் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு வரியைப் படிக்கச் சொல்லி, "இதில் பெயர்ச்சொல் எது? எப்படித் தெரிந்தது?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். தெரியாவிட்டால் அந்த உறையோடு எங்கள் வகுப்புக்கு அனுப்பி வையுங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.