எந்தப் பயிருக்கு எந்தப் பாக்டீரியா?

சோயா விதைக்குக் கலந்ததுபோக மீந்த ரைசோபியம் என்னும் வேர்முடிச்சுப் பாக்டீரியாவைக் கரும்புக்கு இட்டு யூரியாவைக் குறைக்கலாமா என்ற வினா, புனே வேளாண் கல்லூரி மாணவரிடமிருந்து வந்திருப்பது வருத்தத்திற்குரியது. நுண்ணுயிர் உரம் எல்லாப் பயிருக்கும் பொது என்ற எண்ணம் உரக்கடையில் இருக்கலாம், வகுப்பறையில் இருக்கலாகாது.

ஜெர்மானியரான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886–88இல் நுண்ணுயிர் நீக்கிய மணலில் பட்டாணி வளர்த்தபோது வெளிறி நின்ற செடிகள், வயல்மண் ஊறிய நீரைச் சிறிது ஊற்றியதும் பச்சை பிடித்தன; லூபின் என்னும் பயறுவகைக்கோ, லூபின் விளைந்த நிலத்து மண்ணே தேவைப்பட்டது; அதாவது, எல்லாப் பயறுக்கும் ஒரே பாக்டீரியா பொருந்தாது. 1888இல் பேயரிங்க் முடிச்சுப் பாக்டீரியாவைத் தனித்து வளர்த்ததைக் கொண்டாடும் பாடநூல்கள் இந்த லூபினை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்யும் தேர்வுமுறைக்கு அது போதும் போலும்.

சோயா கிழக்காசியப் பயிராதலால், அதற்கு உரிய பிராடிரைசோபியம் புனேப் பகுதிக் கரிசலில் இயல்பாக இராது. எனவே முதன்முறை சோயா விதைக்கும் நிலத்தில் விதைநேர்த்தி இன்றியமையாதது. அது பலித்ததா என்பதை அறிய, பூக்கும் பருவத்தில் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டியெடுத்து, வேர்முடிச்சை நகத்தால் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது லெக்ஹீமோகுளோபின். காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரஜனேஸ் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும், ஆனால் பாக்டீரியா சுவாசிக்கவும் ஆக்சிஜன் வேண்டும் என்பதால், அதை அளவோடு ஏந்திச் சென்று கொடுக்கும் நிறமி இது. முடிச்சு பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள். யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் முடிச்சே அரிது, ஏனெனில் மண்ணில் நைட்ரஜன் மலிந்திருக்கும்போது செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரையைச் செலவிட முன்வருவதில்லை.

கரும்பில் முடிச்சு கிடையாது; ஆகவே ரைசோபியத்துக்கு அங்கே வேலையில்லை. அதன் தண்டுக்குள்ளேயே, சர்க்கரை மிகுந்த சாற்றில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் அசிட்டோபாக்டர் இனத்தை 1988இல் பிரேசிலில் டோபரைனர் குழுவினர் அறிவித்தனர். புனேயை அடுத்த மாஞ்சரியில் உள்ள வசந்ததாதா சர்க்கரை நிறுவனம் கரும்புக்கென வழங்குவதும் அசிட்டோபாக்டரே. இது யூரியாவின் ஒரு பகுதியைக் குறைக்க உதவுமே தவிர, முழுவதையும் ஈடுசெய்யாது.

உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி தூள்வடிவ ரைசோபியத்தில் கிராமுக்கு 5 கோடி உயிர்ச்செல்களேனும் இருத்தல் வேண்டும். வெயில்பட்ட பொட்டலத்தில் அந்தக் கணக்கு ஏட்டளவில்தான் நிற்கும். சோயா விதையில் பூசணக்கொல்லியை முதலில் கலந்து உலர்த்தியபின், ஆறிய கஞ்சியில் குழைத்த பாக்டீரியாவைக் கடைசியாகப் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைப்பது முறை.