பழங்கலம் பேணல்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையை அடைந்த செய்தியை நம் பழைய மாணவர் பலர் அறிவர். 89 அடி நீளமுள்ள அக்கலத்தை றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்க, வல்வை மாலுமிகள் ஐவர் அதனிற் சென்றனர். கலம் நமக்கு மீண்டிலது. அது சென்றடைந்த குளொஸ்டர் மக்களோ தம் பழைய மீன்பிடிகலம் ஒன்றைப் பேணி வைத்துள்ளனர். அஃது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வாம்.

‘அட்வெஞ்சர்’ என்னும் அக்கலம் 1926 இல் அயலூராகிய எசெக்சிற் கட்டப்பட்டது. நீளம் 121 அடி. சிறுதோணிகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி அதன் தளத்தில் ஏற்றிச் செல்வர். மீன்படும் இடத்தில் அவற்றை இறக்கி, நெடுங்கயிற்றிற் பல தூண்டில் கோத்து இடுவர். இத்தொழிலிற் பனிமூட்டத்தில் வழி தப்பி மாண்டோர் பலர். இக்கலம் 1953 இல் மீன்பிடித்தலை விட்டது. பின்னர்ப் பயணிகளை ஏற்றியது. 1988 இல் குளொஸ்டர் மக்களுக்கே நன்கொடையாக வந்தது.

மரக்கலத்துக்குக் கடல்நீரினும் மழைநீரே பெரும்பகை. உப்பு மரம் உளுத்தலைத் தடுக்கும். தளத்தின் இடுக்கு வழியே கசியும் நன்னீர் உளுக்கச் செய்யும். அன்றியும், நடுப்பகுதியை நீர் மிகுதியாகத் தாங்க, அணியமும் பின்புறமும் தம் பாரத்தால் நாளடைவிற் தாழும். அதனால் ஏராவும் வளையும். ஆதலின் முதலில் முட்டுக்கொடுத்து வளைவைச் சிறிது சிறிதாக நிமிர்த்துவர். பின்னர் உளுத்த வங்குகளை ஒவ்வொன்றாகவே மாற்றுவர். ஒருங்கே கழற்றின் கலத்தின் வடிவம் கெடும். அதன்மேற் பலகை அறைந்து, இடுக்குகளிற் பஞ்சும் கீலூட்டிய நாரும் செறித்து அடைப்பர். அட்வெஞ்சருக்கு இப்பணி ஆண்டுகள் பலவாக நடந்தது.

மரம் பெரும்பாலும் புதிதாயின் கலம் பழையதாகுமோ எனச் சிலர் வினவலாம். ஆகும் என்பதே நம் கருத்து. மரத்தோடு மரம் பொருத்தும் கைப்பழக்கம் அப்பணியாலன்றோ அடுத்த தலைமுறையை அடைகின்றது!

நம் கரைகளிற் கண்ணாடியிழைப் படகுகள் வந்தபின் ஓடாவியாருக்கு வேலை அருகிற்று. அவர்தம் சொற்களும் உடன் அருகுகின்றன. மேலே நாம் வழங்கிய ஏரா, வங்கு, அணியம் என்பவற்றை நம் வகுப்பு மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? இடுக்கடைத்தலுக்குக் ‘கலப்பத்து’ என்று பெயர். அரபு மொழியிலும் போர்த்துக்கேய மொழியிலும் இதனோடு ஒத்த சொற்கள் உள. ஒரு சொல்லே நம் துறைமுகங்களுக்கு எவரெவர் வந்தனர் என்பதற்குச் சான்றாகின்றது. கரையோர ஊர்களிலிருந்து வரும் மாணவர் தம் பாட்டன்மாரிடம் இத்தகைய சொற்களைக் கேட்டு, கலத்தின் படமொன்று வரைந்து, உறுப்புத்தோறும் பெயர் பொறித்துக் கல்லூரி நூல்நிலையத்தில் வைப்பாராக. அதற்கு மரமும் வேண்டா, பொருளும் வேண்டா. பாட்டன்மார் இருக்கும்போதே கேட்டல் வேண்டும்.