மரமில்லாச் சமவெளி வழியே

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா நகரையும் மேற்கு ஆஸ்திரேலியாவின் நோர்ஸ்மன் சிற்றூரையும் இணைப்பது எயர் நெடுஞ்சாலை. இதன் நீளம் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லைவரை நீளும் மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். செடூனா என்னும் கடற்கரை ஊரைத் தாண்டிவிட்டால், நோர்ஸ்மன்வரை சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவுக்கு நகரம் என்று சொல்லத்தக்க ஓர் ஊரும் கிடையாது. எரிபொருள் நிலையம், உணவகம், சில தங்கும் அறைகள் ஆகியவை ஒரே இடத்தில் அமைந்த சாலையோர விடுதிகளே பயணிகளுக்குத் துணை. சில இடங்களில் ஒரு விடுதிக்கும் அடுத்த விடுதிக்கும் இடையே 180 கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி இருக்கிறது.

இந்தச் சாலையில் நாள்தோறும் கேரவன்கள் சென்றுகொண்டிருக்கின்றன. கேரவன் என்பது மகிழுந்தின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சிறிய வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதனுள்ளே அடங்கிவிடும். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, பணியிலிருந்தும் ஓய்வுபெற்ற முதியோர் பலர் மாதக்கணக்கில் இவ்வாறு நாட்டைச் சுற்றிவருகின்றனர். ஆஸ்திரேலியர்கள் அவர்களை 'நரைமுடி நாடோடிகள்' என்று செல்லமாக அழைக்கின்றனர்.

பெயர் என்னவோ செல்லப் பெயர்தான்; ஆனால், பயணம் விளையாட்டன்று. புறப்படுவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. முதல் கணக்கு எடை. கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மகிழுந்தின் இணைப்புக் கொக்கியின் மீது அழுந்த வேண்டும் என்பது அங்குள்ளோர் பின்பற்றும் பொது விதி. கனமான பொருள்களைக் கேரவனின் பின்கோடியில் அடுக்கினால் இந்தச் சமநிலை கெடும். பிறகு பலத்த காற்று வீசினாலோ பெரிய கனவுந்து ஒன்று கடந்து சென்றாலோ கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அந்நேரத்தில் மகிழுந்தின் பிரேக்கைப் பலமாக அழுத்துவது பேராபத்து. வேகமுடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டு, கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்க வேண்டும்.

அடுத்த கணக்கு தண்ணீர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். எனவே, 200 லிட்டர் நீரை ஏற்றினால் 200 கிலோகிராம் சுமை கூடும்; எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அதற்காக நீரைக் குறைக்கவும் இயலாது. இந்நிலப்பகுதி முழுவதும் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. பெய்யும் சிறிதளவு மழையும் கல்லின் துளைகள் வழியே நிலத்தடிக்கு இறங்கிவிடுகிறது. ஆறு இல்லை, ஏரியும் இல்லை. நிலத்தடி நீரோ பெரும்பாலும் உவர்நீர். விடுதி நடத்துவோர் அதைச் சுத்திகரித்தோ தொலைவிலிருந்து நன்னீர் கொண்டுவந்தோதான் சமாளிக்கின்றனர். அதனால், கேரவன் தொட்டியை நிரப்பிக்கொள்ளப் பெரும்பாலான விடுதிகளில் தண்ணீர் கிடைக்காது. பணம் இருந்தாலும் பயனில்லை.

இன்று குளிரூட்டிய வண்டியில் செல்பவர்களுக்கே இந்நிலை என்றால், சாலையே இல்லாத காலத்தில் இவ்வழியே சென்றவர்களின் பாடு எத்தகையதாக இருந்திருக்கும்! 1841ஆம் ஆண்டில் எட்வர்ட் ஜான் எயர் என்ற ஆங்கிலேயர், ஜான் பாக்ஸ்டர் என்பவருடனும் பழங்குடி இளைஞர்கள் மூவருடனும் குதிரைகளோடு இக்கரையோரமாக மேற்கு நோக்கி நடந்தார். நீரின்றி நாட்கணக்கில் தவித்தனர். ஒரு நிலையில், விடியற்காலையில் செடிகளின் மீது படிந்திருந்த பனித்துளிகளைப் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பிழிந்து குடித்தார் எயர். வழியில் இளைஞர்களுள் இருவர் பாக்ஸ்டரைக் கொன்று, உணவுப்பொருள்களோடு சென்றுவிட்டனர். எஞ்சிய வைலி என்ற இளைஞரும் எயரும் நடையைத் தொடர்ந்தனர். இடையில் ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவர்களுக்குக் கைகொடுத்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் இருவரும் வைலியின் சொந்த மண்ணான ஆல்பனியை அடைந்தனர்.

அவர்களின் உயிரைக் காத்தவை, கடற்கரை மணல்மேடுகளில் பழங்குடி மக்கள் தோண்டி வைத்திருந்த கிணறுகள். எந்த மேட்டின் அடியில் நன்னீர் ஊறும், எந்தச் செடியின் வேரை வெட்டினால் நீர் சொட்டும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். இக்கரையோரம் மிர்னிங் மக்களின் தாயகம். கூனால்டா குகையில் 20,000 ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர்கள் தீக்கல் வெட்டியெடுத்த தடயங்களும் சுவரில் விரலால் இட்ட கோடுகளும் காணப்படுகின்றன. வெளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான் இது வெற்று நிலம். நெடுஞ்சாலை எயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைக் கரைசேர்த்த நீரறிவோ அந்த மண்ணின் மக்களுடையது.

இச்சமவெளியின் பெயர் நல்லர்போர். 'மரமே இல்லை' என்று பொருள்தரும் இலத்தீன் சொற்களிலிருந்து அப்பெயர் உருவானது. ஆனால், நெடுஞ்சாலை சமவெளியின் தென்விளிம்பை ஒட்டியே செல்வதால், பெரும்பகுதியில் குட்டை மரங்களும் புதர்களும் தென்படவே செய்கின்றன. ஒரு மரமும் இல்லாத வெட்டவெளியைக் காண ஆவலோடு வருபவர்களுக்கு அது சிறிது தூரமே வாய்க்கிறது. அந்தக் குறையைக் கடல் ஈடுசெய்துவிடுகிறது. சமதரையாக ஓடிவரும் நிலம் திடீரெனக் கத்தியால் வெட்டியதுபோல் முடிந்து, செங்குத்தான பண்டா பாறைச்சுவர்களாகக் கடலில் இறங்குகிறது. குளிர்கால மாதங்களில் தென்கடல் திமிங்கிலங்கள் குட்டி ஈன்று வளர்க்க அக்கரைக்கு வருகின்றன.

இரு மாநிலங்களின் எல்லையில் வேறொரு சோதனை காத்திருக்கிறது. பழ ஈ முதலிய பூச்சிகளும் நோய்களும் பரவாமல் தடுக்க, மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம், காய்கறி, தேன் போன்றவற்றைக் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு உண்டு. அதிகாரிகள் கேரவனுக்குள் ஏறி, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பர். விவரம் அறிந்தவர்கள் முதல்நாள் இரவே மிச்சமுள்ள காய்களையெல்லாம் போட்டுச் சமைத்துவிடுவார்கள். கைக்கடிகாரத்தையும் அங்கே மாற்ற வேண்டும். எல்லையை ஒட்டிய சில சிற்றூர்கள் தமக்கென்று ஒரு நேரத்தை வைத்திருக்கின்றன. கோடைக்கால நேரமாற்றம் இல்லாத மாதங்களில், அது தெற்கு ஆஸ்திரேலிய நேரத்திற்கு 45 நிமிடம் பிந்தியும் மேற்கு ஆஸ்திரேலிய நேரத்திற்கு 45 நிமிடம் முந்தியும் இருக்கும்.

காய்குனாவுக்கும் பலடோனியாவுக்கும் இடையில் சாலை 146.6 கிலோமீட்டர் தூரத்திற்கு ஒரு வளைவுகூட இல்லாமல் செல்கிறது. வளைவில்லாத சாலை எளிதானது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், சலிப்பே இங்கு ஓட்டுநரின் பகை. கண் தானாகச் செருகும். எதிரே 36 மீட்டர் நீளமுள்ள 'சாலைத் தொடர்வண்டிகள்' வரும். விடியலிலும் அந்தியிலும் கங்காருகள் குறுக்கே பாயும். ஆகவே, அனுபவசாலிகள் பொழுது சாய்வதற்குள் வண்டியை நிறுத்திவிடுகின்றனர். நெடுந்தூரம் கைப்பேசி அலைவரிசை கிடைக்காததால், வானொலிக் கருவியின் 40ஆம் அலைவரிசையைத் திறந்து வைத்துக்கொள்கின்றனர். பின்னால் வரும் கனவுந்து ஓட்டுநர், "முந்தப் போகிறேன்" என்று அதில்தான் சொல்வார்.

சில இடங்களில் தார்ச்சாலையின் குறுக்கே வெண்ணிறப் பட்டைகள் தீட்டப்பட்டிருக்கின்றன. அவை பாதசாரிகளுக்கானவை அல்ல. விமானம் தரையிறங்கும் இடத்தின் அடையாளங்கள். மருத்துவமனை பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், விபத்தில் சிக்கியவர்களையும் திடீரென நோய்வாய்ப்பட்டவர்களையும் ஏற்றிச்செல்ல அரச பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் சாலையிலேயே இறங்குகிறது. அவ்வேளையில் வாகனங்கள் இருபுறமும் ஒதுங்கிக் காத்து நிற்கும். ஜான் பிளின் என்ற சமயப் பணியாளரின் முயற்சியால் 1928இல் தொடங்கிய சேவை இது.

பலடோனியா விடுதியில் சிறிய அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. 1979இல் இந்த வட்டாரத்தில் சிதறி விழுந்த ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் துண்டுகளை அங்கே காணலாம். அதற்கு மேற்கே சாலையின் இருபுறமும் மரங்கள் மெல்ல மெல்ல உயரத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 190 கிலோமீட்டர் சென்றதும், வழவழப்பான செம்பழுப்புத் தண்டுகளைக் கொண்ட யூக்கலிப்டஸ் மரங்களுக்கிடையே நோர்ஸ்மன் தென்படும். அங்கே வந்து சேரும் கேரவன்காரர்கள் பலரும் முதலில் தேடுவது தண்ணீர்க் குழாயைத்தான்.