பெருங்காயத்துக்குப் பின்னால் மிளகு

அன்புள்ள தம்பிக்கு,

நைட்கேப் என்ற பைப் புகையிலைக் கலவை பற்றி நீ எழுதி அனுப்பிய சுவைக்குறிப்பைப் படித்தேன். "அடர்ந்த புகை, குளிர்காய மூட்டிய தீயின் வாசம், பழைய தோல்" என்று எழுதியிருக்கிறாய். தப்பில்லை. ஆனால் லடாக்கியா கலந்த எந்த டப்பாவைத் திறந்தாலும் இதையே எழுதிவிடலாம். நீ பிடித்தது நைட்கேப்தான் என்பதற்கு அந்தக் குறிப்பில் ஒரு சாட்சியும் இல்லை. லண்டனில் புகையிலைக் கடையில் 22 வருடம் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

லடாக்கியா உரக்கப் பேசும் இலை. சிரியாவின் துறைமுக நகரத்துப் பெயர் அதற்கு. நம் கைக்கு வருவது பெரும்பாலும் சைப்ரஸ் வகை. வெயிலில் காயவைத்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே பைன், மிர்ட்டில், மாஸ்டிக் போன்ற மரங்களையும் புதர்களையும் கனலவிட்டு, இலை கன்னங்கரேலென்று ஆகும்வரை வாரக்கணக்கில் புகை போடுவார்கள். ஆக, நீ "புகை வாசம்" என்று எழுதியது பாதிக்குமேல் அந்தச் செடிகளின் வாசம். பெருங்காயம் தூக்கலாக விழுந்த ரசத்தில் மிளகு இருக்கிறதா என்று உடனே சொல்லிவிட முடியுமா? லடாக்கியா சேர்ந்த இங்கிலீஷ் கலவையைச் சுவைப்பதும் அப்படித்தான். பெருங்காயம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். மிளகைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை.

அதற்கு முதலில் பொறுமை வேண்டும். பைப்பின் கிண்ணத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கு எரியும்வரை பேனாவைத் தொடாதே. ஒரே வாசம் தொடர்ந்து வந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். பத்து நிமிஷத்தில் லடாக்கியா தானாகக் கொஞ்சம் ஒதுங்கும். அப்போதுதான் மற்றவை வெளியே வரும். முதலில் வர்ஜீனியாவின் இனிப்பு. பிறகு ஓரியண்டல் இலையின் லேசான புளிப்பும் பூ வாசமும். கடைசியில் பெரிக். லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் விளையும் இலை அது. பீப்பாயில் அமுக்கி, பளு ஏற்றி, தன் சாற்றிலேயே பல மாதம் புளிக்கவைக்கிறார்கள். நைட்கேப்பில் அது கொஞ்சம்தான். புகையை வாயில் நிறுத்தி, மிகக் கொஞ்சமாக மூக்கு வழியே விட்டுப் பார். மூக்கின் உள்ளே மிளகுத்தூள் பட்டதுபோல ஒரு சுருக். பின்னாலேயே கனிந்த பழத்தின் வாசம். உன் குறிப்பில் நான் தேடியது இந்தச் சுருக்கைத்தான்.

இதை டப்பாவிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகையைக் கொட்டி ஊசியால் பிரித்துப் பார். மஞ்சள் இழை, பழுப்பு இழை, கறுப்பு இழை தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றையும் விரலில் நசுக்கி மோந்து பார். பிறகு கலப்பில்லாத வர்ஜீனியா, ஓரியண்டல், லடாக்கியா என்று தனித்தனியே வாங்கிக்கொள். 10 கிராம் வர்ஜீனியாவில் 1 கிராம் லடாக்கியா போட்டுக் கலந்து ஒரு நாள் மூடி வை. இன்னொன்றில் 2 கிராம், இன்னொன்றில் 4. வர்ஜீனியாவின் இனிப்பு எந்த அளவில் காணாமல் போகிறது என்று உனக்கே பிடிபடும். நான் படித்த எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

ஈரத்தையும் கவனி. சிட்டிகையை அழுத்திவிட்டால் மெதுவாக விரிய வேண்டும். உருண்டையாகவே நின்றால் தாளில் ஒரு மணி நேரம் உலரவிடு. ஈரப் புகையிலையின் ஆவி நாக்கைச் சுட்டுவிடும், சுட்ட நாக்குக்கு ருசி தெரியாது.

லடாக்கியாவுக்கென்று ஒரு பைப்பைத் தனியே வைத்துக்கொள். ஒருமுறை கடைக்காக ஒரு வர்ஜீனியாவுக்கு நான் எழுதிய குறிப்பில் "மெல்லிய லடாக்கியா இழை" என்று போட்டுவிட்டேன். அச்சாகி, வாடிக்கையாளர் கைக்கும் போய்விட்டது. அதைக் கலந்தவர் கடைக்கே வந்து, அதில் ஒரு துளி லடாக்கியாவும் இல்லை என்றார். முந்தின வாரம் அதே பைப்பில் நான் பிடித்திருந்த லடாக்கியா கிண்ணத்துச் சுவரில் ஊறிக்கிடந்திருக்கிறது. அவர் உழைப்பைப் பற்றிப் பொய் எழுதிய வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.

இங்கிலீஷ் கலவையை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் தெரியுமா? பிரிட்டனில் நெடுங்காலம் புகையிலையில் வாசனைச் சரக்குச் சேர்க்கச் சட்டம் கடுமையான கட்டுப்பாடு வைத்திருந்தது. ருசி எல்லாம் இலையிலிருந்தே வரவேண்டும். அதனால் ஒரு இலைக்கு இன்னொரு இலையே மசாலா ஆனது. ஆல்ஃப்ரெட் டன்ஹில் 1907இல் டியூக் ஸ்ட்ரீட்டில் கடை திறந்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் கலவையையும் எண் போட்டு ஏட்டில் எழுதிவைத்தார். 965 என்ற கலவையின் பெயர் அப்படி வந்ததுதான். டன்ஹில் டப்பாக்கள் நின்றுபோய், அவர்களுடைய நைட்கேப் இன்று பீட்டர்சன் பெயரில் வருகிறது. எந்த டப்பா, எந்த வருடம் என்று குறிப்பின் மேலேயே எழுது. வயதான லடாக்கியாவின் காரம் மங்கிவிடும்.

சொற்களுக்கு வருகிறேன். தோல் என்றதும் ஆங்கிலேயருக்குக் குதிரைச் சேணம் நினைவுக்கு வரும். உன் மூக்கு வளர்ந்தது மதுரையில். லடாக்கியா டப்பாவைத் திறந்ததும் எனக்கு வருவது, எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்குச் சாம்பிராணி காட்டும் வாசம். ஓரியண்டலில் வாடின மருக்கொழுந்து. வர்ஜீனியாவில் வெயிலில் கிடந்த வைக்கோல். பெரிக்கில், பழைய புளி அடைத்த பானையின் மூடியைத் திறந்த நிமிஷம். உன்னுடையது வேறாக இருக்கும், இருக்கட்டும். முதலில் நோட்டில் தமிழில் எழுது. ஆங்கிலத்தில் கேட்பவர்களுக்கு அப்புறம் மாற்றிக் கொடுக்கலாம்.

இன்னொன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. நைட்கேப்பில் நிக்கோடின் அதிகம், வெறும் வயிற்றில் பிடித்தால் வியர்த்துக் கிறுகிறுக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்க்கும் நாக்குக்கும் ஆபத்து உண்டு. என்னோடு கடையில் நின்ற ஒருவர் நாக்கில் ஆறாத புண் என்று போனார்; நாங்கள் அவரை வழியனுப்பத்தான் முடிந்தது. வாரத்துக்கு இரண்டு கிண்ணம் போதும், அதுவும் பாதி நிரப்பி. பழக்கமில்லாத ஒருவருக்கு ஆசை காட்டும் வரி ஒன்றுகூட உன் குறிப்பில் இருக்கக் கூடாது.

அடுத்த மாதம் மூன்று இங்கிலீஷ் கலவைகளுக்குக் குறிப்பு எழுதி அனுப்பு. எதற்கும் பெயர் போடாதே. எது நைட்கேப் என்று நான் கண்டுபிடித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்