வீட்டுக்கு வரும் உதவியாளர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் குடியேறிய பிள்ளைகளோடு முதுமைக் காலத்தைக் கழிக்கச் செல்லும் நம் பெரியவர்கள், அங்கே ‘ஹோம் ஹெல்த் எய்ட்’ என்ற பெயரில் வீட்டுக்கு வரும் உதவியாளரை, நம் ஊர் ஆயாவையோ ஆஸ்பத்திரி நர்ஸையோ மனத்தில் வைத்துக்கொண்டே எடைபோடுவதனால் விளையும் மனஸ்தாபங்கள் கொஞ்சமல்ல.

இரக்க சுபாவமும் கைவலிமையும் போதும், இதற்கென்று யோக்கியதை ஏது என்பது அவர்களுள் பலருடைய அபிப்பிராயம். முதியோர்க்கான மத்திய அரசின் மெடிக்கேர் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சியில் பணிபுரிய, குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பதும், அதில் 16 மணி நேர வகுப்புப் பாடம் முடிந்த பின்னரே செய்முறைப் பயிற்சி தொடங்க வேண்டும் என்பதும் விதி. கலிபோர்னியாவிலோ 120 மணி. பரீட்சையில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் குறை கண்டால் தேர்ச்சியில்லை. வேலையில் சேர்ந்த பிறகும் ஆண்டுக்கு 12 மணி நேரம் பயில வேண்டும். 24 மாதம் ஊதியப் பணியின்றி இருந்துவிட்டால் மீண்டும் தகுதி பெற்றாக வேண்டும். பட்டத்தைச் சட்டமிட்டு மாட்டிவிட்டால் ஆயுள் முழுவதும் செல்லும் என்று பழகிய நமக்கு இது கடுமையாகப் படலாம். எனக்கு நியாயமாகவே படுகிறது. குடும்பத்தார் தாமே நேரில் அமர்த்திக்கொள்பவரை இவ்விதி கட்டுப்படுத்தாது என்பதை மட்டும் மறக்கலாகாது.

குளிப்பாட்டுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று கேட்பாரும் உண்டு. நீரின் சூட்டைச் சோதித்து, தேகம் முழுவதையும் திறந்து போடாமல் துடைக்கும் அவயவத்தை மட்டும் துண்டிலிருந்து விலக்கி, கண்களைச் சோப்பின்றி மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைத்து, அசுத்தமான பாகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும் அந்தக் கிரமத்துக்கு நடுவே, உதவியாளரின் கண் வேறொரு வேலையையும் செய்துகொண்டிருக்கிறது. முதுகின் அடிப்புறத்திலும் குதிகாலிலும் தோன்றும் சிவப்பு, விரலால் அழுத்தி எடுத்தபோது வெளிறாமல் அப்படியே நிற்குமானால், அது படுக்கைப்புண்ணின் பூர்வாங்கம். நம்மைப் போன்ற கறுத்த மேனியில் சிவப்பு எளிதில் புலப்படாதாகையால், அவ்விடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தறிய வேண்டும். கண்டதை அன்றே குறித்து நர்ஸுக்குத் தெரிவிப்பது அவருடைய கடமை. நேற்றுவரை பேசியவர் இன்று குழறுவதையும், தட்டில் சாதம் மீந்துபோவதையும் அவ்வாறே தெரிவிக்க வேண்டும். இந்தக் கவனிப்பே அவ்வேலையின் உயிர்நிலை என்பேன்.

ஆனால் அவர் நர்ஸ் அல்லர். நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்துக் குறிப்பார். நோயாளி தாமே உட்கொள்ளும் மாத்திரையை எடுத்துத் தந்து உதவுவார். ஊசி போடுவது பொதுவாக அவர் வேலையன்று. மாநிலத்துக்கு மாநிலம் எல்லை மாறினும், நர்ஸ் எழுதித் தந்த பராமரிப்புத் திட்டத்தை மீறிச் செய்யும்படி அவரை வற்புறுத்துவது அவருடைய பிழைப்பில் மண்ணைப் போடுவதாகும். மருத்துவச் சேவை பெறும் நோயாளியின் வீட்டுக்கு, 14 நாளைக்கு ஒரு முறையேனும் மேற்பார்வையாளர் வந்து அவர் பணியைப் பரிசீலிக்க வேண்டும்.

வேலைக்காரியும் அல்லர். நோயாளியின் படுக்கை விரிப்பைத் துவைப்பார், அவருக்குக் கஞ்சி வைப்பார். குடும்பம் முழுவதற்கும் சமைப்பதோ, பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதோ அவர் பொறுப்பன்று. அவருடைய உழைப்புக்குச் சட்டமும் எளிதில் மதிப்புத் தந்துவிடவில்லை. மிகைநேர ஊதியம் கேட்டு, இதே தொழில் செய்த நியூயார்க் பணியாளர் ஈவ்லின் கோக் தொடுத்த வழக்கு, 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏகமனதான தீர்ப்பால் தோற்றது. பின்னர் 2013-இல் தொழிலாளர் இலாகா வகுத்து 2015-இல் அமலாக்கிய விதியே ஏஜென்சிப் பணியாளர்க்கு அவ்வூதியத்தை வழங்கியது.

எஞ்சியிருப்பது பணம். மெடிக்கேர் இரவும் பகலும் துணைக்கு ஆள் வைக்கும் என்பது வெறும் பிரமை. வீட்டைவிட்டு வெளிச்செல்வது அரிதாகி, நர்ஸின் சேவையோ சிகிச்சைப் பயிற்சியோ தேவைப்படும் நோயாளிக்கு, அதனோடு சேர்ந்தே உதவியாளரின் பணியும் கிடைக்கும். அதுவும் நர்ஸின் சேவையும் உதவியாளரின் பணியும் கூடிப் பொதுவாக வாரம் 28 மணிக்குள். தாமோ வாழ்க்கைத் துணையோ அங்கே உழைத்து வரி கட்டியிராத பச்சை அட்டைப் பெற்றோர், 65 வயதான பின்னும், ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பிறகே பிரீமியம் செலுத்தி மெடிக்கேரில் சேரலாம். அதுவரை பிள்ளைகள் வேறு காப்புறுதிக்கு வழி தேடவேண்டும், இல்லையேல் கைப்பணம் கொடுக்கவேண்டும்.