பழைய ட்ரெக்டர் வாங்கலாமா? பார்த்து வாங்குவோம்



வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது சேமலாப நிதியும் சர்வீஸ் காசும் மொத்தமாகக் கைக்கு வருகிறது. நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒரே தடவையாகக் கிடைக்கிற பெரிய பணம் அதுதான். அந்த நேரம் பார்த்து, "ஒரு பழைய ட்ரெக்டர் வந்திருக்கு அண்ணே. மரக்கறித் தோட்டத்துக்கும் ஆகும், வாடகைக்கும் ஓட்டலாம்" என்று யாராவது வந்து சொல்வார்கள். மெஷின் நல்லதாக இருந்தால் குடும்பத்துக்குக் கை கொடுக்கும். கெட்டதாக இருந்தால் வருஷக்கணக்கில் கொழுந்து எடுத்துச் சேர்த்த காசு கராஜிலேயே கரைந்து போகும். ஆகவே பழைய ட்ரெக்டரை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை இந்த இதழில் பாடமாகப் படிப்போம்.

1. முதலில் நிலத்தைப் பார்ப்போம்

மெஷினைப் பார்க்கப் போவதற்கு முன்னால் நம் நிலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் உள்ள தட்டுத் தட்டான பாத்திகளில் கரட், லீக்ஸ், கோவா போடுகிறவர்களுக்கு நாலு சக்கர ட்ரெக்டர் தேவையில்லை. அது அங்கே திரும்பவும் முடியாது. அந்த நிலத்துக்கு, நாம் "லேண்ட் மாஸ்டர்" என்று சொல்கிற இரண்டு சக்கரக் கை ட்ரெக்டர் போதும். சில இடங்களில் முள்ளும் மண்வெட்டியுமே போதும்.

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சமமான நிலத்தில் பயிர் செய்கிறார்களா? சாணம், விறகு, மரக்கறி மூடைகளை ட்ரெய்லரில் ஏற்றி இறக்க நல்ல பாதை இருக்கிறதா? அப்படியானால் மட்டும் நாலு சக்கர ட்ரெக்டரைப் பற்றி யோசிக்கலாம்.

2. எந்த மெஷின் என்று தெரிந்துகொள்வோம்

பழைய ட்ரெக்டர் என்றால் நம் பக்கத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது மாஸி பெர்குசன். இதன் மூத்த அண்ணன், 1946இல் இங்கிலாந்தில் தயாரிக்கத் தொடங்கிய சாம்பல் நிறப் பெர்குசன். கலப்பையை மூன்று இடங்களில் பிடித்து, ஹைட்ரோலிக்கால் தூக்கி இறக்கும் முறையை ஊரறியச் செய்தவர் ஹரி பெர்குசன். பிறகு வந்த 35, அதற்குப் பின் 1964இல் வந்த 135 ஆகிய மொடல்களும் அதே முறையில்தான் வேலை செய்கின்றன.

35 மொடலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் வந்த டீசல் மெஷின்களில் நாலு சிலிண்டர் என்ஜின் இருந்தது. குளிரில் அது லேசில் ஸ்டார்ட் ஆகாது என்று பெயர் வாங்கியது. 1959இன் கடைசியில் அதற்குப் பதிலாக மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் என்ஜினை வைத்தார்கள். பனி விழுகிற தை மாசத்தில், நுவரெலியாப் பக்கம் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். பம்பிலிருந்து என்ஜினுக்குப் போகும் மெல்லிய டீசல் குழாய்களை எண்ணிப் பாருங்கள். மூன்றா, நாலா என்று உடனே தெரிந்துவிடும்.

மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் என்ஜின் பின்னால் வந்த பல மெஷின்களிலும் இருந்ததால், உதிரிப்பாகம் தேடுவதும் அதற்கே சுலபம்.

3. ஆறின என்ஜினைத்தான் பார்க்க வேண்டும்

சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே போவது நல்லது. போனதும் முதலில் என்ஜினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். "ஆறட்டும், நாங்க இருந்து பாக்குறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். சூடான என்ஜின் எல்லா நோயையும் மறைக்கும்.

ஆறும் வரைக்கும் இவற்றைப் பார்க்கலாம்:

• என்ஜின் ஒயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஒயில் கறுப்பாக இருப்பது குற்றமில்லை. பால் தேத்தண்ணி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த மெஷினை விட்டுவிடுவது நல்லது.

• ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரின் மேல் ஒயில் மிதக்கிறதா? (சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.)

• இந்த மெஷின்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான். மழையில் நின்ற மெஷினில் அதுவும் வெளுத்துப் போயிருக்கும். அதன் குச்சியையும் பாருங்கள்.

• காற்றை வடிகட்டும் பாத்திரத்தில் ஒயில் இருக்க வேண்டும். அது காய்ந்து கிடந்தால், என்ஜின் எத்தனையோ காலமாகத் தூசியைத் தின்றிருக்கிறது.

• புது பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிளட்ச், பிரேக் மிதிகளின் இரும்பு தேய்ந்து வழவழத்திருந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் மெஷின் நிறைய உழைத்திருக்கிறது.

பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பயமில்லை. நீலப் புகை விடாமல் வந்தால் என்ஜின் ஒயிலை எரிக்கிறது. சும்மா நிற்கும்போதே கறுப்புப் புகை கக்கினால் இன்ஜெக்டர், பம்ப், காற்று வடி ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். என்ஜின் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? உள்ளே ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. அது பெரிய செலவு.

4. ஓட்டிப் பார்ப்போம்

அரை மணி நேரமாவது ஓட விட வேண்டும். ஆறியிருக்கும்போது நன்றாக நிற்கிற ஒயில் பிரஷர் முள், சூடேறியதும் விழுந்துவிடுகிறதா என்று பாருங்கள்.

ஸ்டியரிங்கை ஆட்டிப் பாருங்கள். அது நிறையச் சுற்றிய பிறகுதான் முன் சக்கரம் திரும்புகிறது என்றால், வளைவும் பள்ளமுமான நம் பாதைக்கு ஆகாது. இறக்கத்தில் மெதுவாக, ஒவ்வொரு கியராகப் போட்டு அக்சிலேட்டரை விடுங்கள். கியர் தானாகக் கழன்று விழக் கூடாது. இரண்டு பிரேக்கும் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். இரண்டு மிதிகளையும் சேர்த்துப் பூட்டும் கொளுக்கி இருக்க வேண்டும். வயலில் மட்டும்தான் தனித்தனியாக மிதிக்கலாம். பாதையில் தனித்தனியாக மிதித்தால் மெஷின் ஒரு பக்கம் இழுத்துக் கவிழும்.

ஹைட்ரோலிக்கைப் பார்க்க, கலப்பையையோ பாரமான வேறு ஒன்றையோ தூக்கச் சொல்லுங்கள். நடுங்காமல் ஏற வேண்டும். என்ஜினை நிறுத்திய பிறகு பாரம் மடமடவென்று இறங்கினால் உள்ளே கசிவு இருக்கிறது. அந்தப் பாரத்தின் கீழே யாரும் கையோ காலோ வைக்கக் கூடாது.

5. உயிருக்கு விலை இல்லை

இந்தப் பழைய மெஷின்கள் வரும்போது, கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம் அவற்றில் இருக்கவில்லை. மேட்டில் பாரம் இழுக்கும்போது முன்பக்கம் தூக்கினால், ஒன்றிரண்டு விநாடியில் ஓட்டுபவர் மேலேயே விழுந்துவிடும். குதிக்க நேரமிருக்காது. அதனால்:

• சரிவில் குறுக்காக ஓட்டக் கூடாது.
• சங்கிலியைப் பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டிக் கட்டை பிடுங்கப் போய்ச் செத்தவர்கள் உலகெங்கும் உண்டு.
• இறக்கத்தில் நியூட்ரலில் விடக் கூடாது. ட்ரெய்லர் பின்னால் தள்ளிக்கொண்டு வரும்.
• பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இருக்க வேண்டும். சேலை, சாரம், தலைமுடி எதுவும் கிட்டப் போகக் கூடாது.
• மட்கார்டில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

சட்டம் பொருத்த முடியுமா, அதற்கு என்ன செலவாகும் என்பதை வாங்குவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

6. கடதாசி

பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் மெஷினில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவரின் பெயர்தான் புத்தகத்தில் இருக்கிறதா? லீசிங் பாக்கி உண்டா? வாகன அனுமதிப்பத்திரமும் இன்சூரன்சும் எந்தத் திகதி வரை? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றும் வரை மெஷின் பதிவில் நம் பெயருக்கு வராது. "புக் அப்புறம் தாரேன்" என்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஓட்டப் போகிறவரிடம் அதற்குரிய சாரதி அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும்.

7. கணக்கு

கேட்கிற விலை உண்மையான விலை அல்ல. ஒரு கொப்பியில் நாலு வரி எழுதுங்கள். முதல் வரியில் கேட்கிற விலை. இரண்டாவதில், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக் சொல்கிற திருத்தச் செலவு. மூன்றாவதில் டயர். பின் டயர் இரண்டும் வெடித்துக் கிடந்தால் அதுவே கையைக் கடிக்கும். நாலாவதில் ஏற்றி வருகிற கூலியும் பெயர் மாற்றுச் செலவும். இவற்றைக் கூட்டி வருவதுதான் நம் விலை.

பிறகு, வருஷத்தில் எத்தனை நாள் நமக்கு ட்ரெக்டர் வேலை இருக்கிறது என்று எண்ணுங்கள். அத்தனை நாளுக்கும் வாடகைக்கு எடுத்தால் என்ன செலவாகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். வாடகை குறைவாக வந்தால் மெஷின் ஆசையை விடுவதே புத்தி. காசு வங்கியில் இருக்கட்டும்.

வீட்டில் கூடிப் பேச

1. நம் நிலத்துக்குத் தேவை நாலு சக்கரமா, இரண்டு சக்கரமா, வாடகையா?
2. சேர்ந்து வாங்கினால் டீசல், திருத்தம், ஓட்டும் முறை இவற்றை யார் யார் எப்படிப் பங்கிடுவது? அதை எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தோமா?
3. இந்தப் பணத்தில் வீட்டு அம்மாவின் உழைப்பும் இருக்கிறது. அவரைக் கேட்டோமா?

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு மெஷினைப் பார்க்கப் போவோம். அவசரப்படுத்துகிறவர் விற்பவராக இருக்கட்டும். வாங்குகிற நாம் நிதானமாக இருப்போம்.