சபை வளர்வது எப்படி?

கேள்வி: ஒரு திருச்சபை விசுவாசத்திலும் எண்ணிக்கையிலும் ஒருசேர வளர்வது எப்படி?

பதில்: திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றில் இதற்கு நல்ல விடை உண்டு. 1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர்தான். அவர்களைத் தாங்கி நின்றவர் குளோரிந்தா என்ற மராட்டியப் பெண்; 1785-இல் அங்கே எழுந்த சிற்றாலயம் அவருடைய முயற்சி. 1799-இல் விசுவாசிகளுக்கென்றே முதலூர் என்ற கிராமம் உருவானது.

1820-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் வந்த பிறகு வளர்ச்சி வேகம் பிடித்தது. ஒரு கிராமத்தார் சபையில் சேர்ந்தால், அங்கே உபதேசியாரும் பள்ளிக்கூடமும் ஜெபக்கூடமும் வந்தாக வேண்டும் என்பதில் அவர் கவனமாக இருந்தார். சேர்ந்தவர்களை வேதத்தில் ஊன்றச் செய்தவர்கள் இந்த உபதேசியார்களே.

1877-78 பஞ்சக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையை நாடினர். அப்படி வந்தவர்களுக்குக் கற்பிக்க ஆள் இல்லாவிட்டால் எண்ணிக்கை ஏட்டில்தான் நிற்கும்.

கொடுக்கும் பழக்கமும் விசுவாசத்தை வளர்க்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவது நெல்லைச் சபைப் பெண்களின் வழக்கம். ஏழை வீடும் சபையைத் தன்னுடையதாகக் கருதியது இப்படித்தான்.

இப்படிக் கொடுக்கப் பழகிய இச்சபையார் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்குத் தங்கள் ஊழியர்களை அனுப்பினர். அதன் நிறுவனர்களில் ஒருவரான வி.எஸ். அசரியா 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.